கடுங்குற்ற வழக்கில் ‘குற்றவாளி’ என்று தீர்ப்பு வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொலை, கொள்ளை, போக்சோ, லஞ்சம், சொத்துக் குவிப்பு என்று வழக்கு எதுவாக இருந்தாலும், தீர்ப்பு வந்த மறுநாள் குடும்பத்தார் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான். ஜாமீன் கிடைக்குமா? வேலை போய்விடுமா? பதினாலு வருஷத்தில் வந்துவிடுவாரா? பதில்கள் குழம்பிப்போவதற்கு ஒரு காரணம் உண்டு. நீதிமன்றம் அன்றைக்கு இரண்டு காரியம் செய்கிறது. இவர் குற்றம் செய்தார் என்று முடிவு செய்வது ஒன்று. அதற்கு இன்ன தண்டனை என்று விதிப்பது இன்னொன்று. நாம் இரண்டையும் சேர்த்து ‘தண்டனை’ என்று சொல்லிவிடுகிறோம். சட்டம் கடைசி வரை இரண்டையும் தனித்தனியாகவே வைத்துப் பார்க்கிறது.

இங்கே சொல்வது இந்தியச் சட்டம், அதிலும் தமிழ்நாட்டு நடைமுறை. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் (சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ்.) வந்துவிட்டன. அந்தத் தேதிக்கு முன்னால் நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டம்தான். அதனால் கொலைக்கான பழைய 302-ஆவது பிரிவு என்ற பேச்சு இன்னும் பல ஆண்டுகளுக்கு கோர்ட்டில் கேட்கும்.

ஒருவர் எந்த நிமிடத்திலிருந்து சட்டப்படி குற்றவாளி?

எஃப்.ஐ.ஆர். போட்டதும் இல்லை, கைது செய்ததும் இல்லை, குற்றப்பத்திரிகை தாக்கலானதும் இல்லை. விசாரணை முடிந்து, திறந்த நீதிமன்றத்தில் நீதிபதி ‘குற்றம் நிரூபிக்கப்பட்டது’ என்று தீர்ப்பு சொல்லும்போதுதான். (குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டு, நீதிபதி அதை ஏற்றுக்கொண்டாலும் அப்படித்தான்.) அதுவரை அவர் ‘குற்றம் சாட்டப்பட்டவர்’. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் இன்னும் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். ‘குற்றவாளி கைது’ என்று தலைப்புப் போடுவது பத்திரிகைகளின் பழக்கம், அவ்வளவுதான்.

குண்டாஸில் ஓராண்டு உள்ளே இருந்தவர்?

அவர் தண்டனை பெற்றவர் ஆகமாட்டார். நாம் ‘குண்டாஸ்’ என்று சொல்வது 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் எண் தமிழ்நாடு சட்டம். அது தடுப்புக்காவல்; இனிமேல் செய்துவிடக்கூடாது என்று அடைத்து வைப்பது. அதில் விசாரணை கிடையாது, குற்றத் தீர்ப்பும் கிடையாது. கமிஷனரோ கலெக்டரோ உத்தரவு போடுவார், அதிகபட்சம் 12 மாதம். ‘இதற்கு முன் தண்டனை பெற்றதுண்டா?’ என்று கேட்கும் விண்ணப்பத்தில் குண்டாஸ் வராது. ‘காவலில் வைக்கப்பட்டதுண்டா?’ என்று கேட்டால் வரும். இரண்டு கேள்வியும் ஒரே படிவத்தில் அடுத்தடுத்து இருக்கும், கவனித்துப் பூர்த்தி செய்யுங்கள்.

‘கடுங்குற்றம்’ எது என்று சட்டத்தில் பட்டியல் இருக்கிறதா?

பொதுவான ஒரே பட்டியல் இல்லை. அமெரிக்காவில் குற்றங்களை ஃபெலனி, மிஸ்டிமீனர் என்று இரண்டாகப் பிரிப்பார்கள். நம்மிடம் அப்படி ஒரு கோடு கிடையாது. ஒவ்வொரு சட்டமும் தனக்கென்று ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. நடைமுறைச் சட்டத்துக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றம் ஒரு வகை. சிறார் நீதிச் சட்டத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டாக இருந்தால்தான் கொடுங்குற்றம். தேர்தல் சட்டம் பல குற்றங்களுக்கு விதிக்கப்பட்ட தண்டனையின் அளவைப் பார்க்கிறது. பாஸ்போர்ட் சட்டம் அதோடு ‘ஒழுக்கக்கேடு’ இருக்கிறதா என்றும் பார்க்கிறது. அது என்ன என்று எந்தச் சட்டமும் வரையறுக்கவில்லை. லஞ்சம், மோசடி, திருட்டு, பாலியல் குற்றம் எல்லாம் அதில் அடங்கும் என்று தீர்ப்புகள் சொல்கின்றன. ஒரு கைகலப்பு அடங்குமா என்பது அந்தந்த வழக்கைப் பொறுத்தது.

ஆகவே குற்றத்தின் பெயர் சாதுவாகத் தெரிந்தாலும் விளைவு பெரிதாகலாம். ராகுல் காந்தி வழக்கு அவதூறு வழக்கு. ஜாமீனில் விடக்கூடிய குற்றம், அதிகபட்சம் இரண்டு ஆண்டு. சூரத் நீதிமன்றம் 2023 மார்ச் 23 அன்று அந்த அதிகபட்சத்தையே விதித்தது. மறுநாள் எம்.பி. பதவி போனது. ஒரு நாள் குறைத்து விதித்திருந்தால்கூடப் பதவி போயிருக்காது என்று உச்ச நீதிமன்றமே பின்னர் சுட்டிக்காட்டியது.

தீர்ப்பு நாளன்று கோர்ட்டில் என்ன நடக்கும்?

சினிமாவில் வருவதுபோல் சுத்தியல் எல்லாம் கிடையாது. செஷன்ஸ் வழக்கில் வாதம் முடிந்து 30 நாளுக்குள், காரணம் எழுதினால் 45 நாளுக்குள், தீர்ப்பு சொல்ல வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 258-ஆவது பிரிவு. நடப்பில் தள்ளிப்போவதும் உண்டு. அன்று ஜாமீனில் இருப்பவர் குடும்பத்தோடு வருவார். கூண்டுக்குப் பக்கத்தில் வழக்கத்தைவிட ஒரு போலீஸ்காரர் கூடுதலாக நின்றால் வக்கீல்கள் கண்ணாலேயே பேசிக்கொள்வார்கள். பெயரைக் கூப்பிட்டதும் நீதிபதி நாலைந்து வரிதான் சொல்வார்: உங்கள் மீதான குற்றச்சாட்டு நிரூபிக்கப்பட்டிருக்கிறது, தண்டனை பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?

இந்தக் கேள்வி சடங்கு இல்லை. தண்டனை பற்றி அவர் சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். ஆனால் பெரும்பாலானவர்கள் பதற்றத்தில் “அய்யா, நான் எந்தத் தப்பும் பண்ணலைங்க” என்றுதான் சொல்வார்கள். அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. இப்போது சொல்ல வேண்டியது வயது, நோய், பராமரிக்க யாருமில்லாத பெற்றோர், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், இதற்குமுன் எந்த வழக்கும் இல்லாதது, விசாரணைக்கு ஒழுங்காக வந்தது. அதற்கான காகிதங்களைக் கையில் வைத்திருப்பது இன்னும் நல்லது. ‘பிற்பகலில் தண்டனை அறிவிக்கப்படும்’ என்று தள்ளி வைத்தால் அந்த இரண்டு மணி நேரத்தை இதற்குத்தான் பயன்படுத்த வேண்டும்.

இதில் ஓர் எல்லை இருக்கிறது. கொலைக்கு ஆயுள் அல்லது மரணம், இரண்டுதான். என்ன சொன்னாலும் ஆயுளுக்குக் கீழே இறங்க முடியாது. போக்சோவில் மோசமான வகை ஊடுருவல் பாலியல் குற்றத்துக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சம் 20 ஆண்டு. அங்கே நீதிபதியின் கையும் கட்டப்பட்டதுதான்.

தண்டனை சொன்னதும் கைக்கடிகாரம், மோதிரம், செல்போன், பர்ஸ் எல்லாம் கழற்றிக் குடும்பத்திடம் கொடுக்கப்படும். மருத்துவப் பரிசோதனை, பிறகு வாரண்டோடு சிறை. சென்னை என்றால் புழல். தீர்ப்பு நகல் இலவசம், உடனே தர வேண்டும். நகலை வாங்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள், அப்பீலுக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.

அப்பீலுக்கு எத்தனை நாள்?

மாஜிஸ்திரேட் தீர்ப்பு என்றால் செஷன்ஸ் கோர்ட்டுக்கு, 30 நாள். செஷன்ஸ் கோர்ட் தீர்ப்பு என்றால் உயர் நீதிமன்றத்துக்கு, 60 நாள். மரண தண்டனைக்கு 30 நாள். தென் மாவட்டங்களுக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. நாள் தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் சொல்லி மனுப் போடலாம். வக்கீல் வைக்க வசதி இல்லாதவருக்கு இலவசச் சட்ட உதவி உரிமை. சிறையில் இருப்பவருக்கு வருமான வரம்புகூடப் பார்ப்பதில்லை. சிறையிலிருந்தே கண்காணிப்பாளர் மூலம் அப்பீல் அனுப்பலாம். குடும்பத்தார் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணையத்தைக் கூப்பிடலாம்.

அப்பீல் போட்டால் ஜாமீன் வந்துவிடும்தானே?

தானாக வராது. தீர்ப்புக்கு முன் ஒருவர் நிரபராதி என்று சட்டம் கருதுகிறது, ஜாமீன் வாதமே அதன் மேல் நிற்கிறது. தீர்ப்புக்குப் பின் அந்தச் சாய்மானம் போய்விடும். இப்போது கேட்பது ‘தண்டனையை நிறுத்தி வையுங்கள்’ என்ற மனு, பி.என்.எஸ்.எஸ். 430-ஆவது பிரிவு. தண்டனை மூன்று ஆண்டுக்கு மிகாமல் இருந்து, அவர் ஏற்கெனவே ஜாமீனிலும் இருந்தால், தீர்ப்பு சொன்ன கோர்ட்டே அப்பீல் போடும் வரை வெளியே விடலாம். அதற்கு மேல் என்றால் மேல்கோர்ட்தான். ஆயுள் அல்லது பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றமானால் அரசு வக்கீலுக்கு எழுத்தில் ஆட்சேபிக்க வாய்ப்புக் கொடுத்துவிட்டுத்தான் முடிவெடுப்பார்கள். கொலை வழக்குகளில் இது லேசில் கிடைப்பதில்லை. உத்தரவு கிடைத்தாலும் அன்றே வெளியே வருவார் என்று வேன் பிடித்துப் போகாதீர்கள். இரண்டு ஜாமீன்தாரர்கள், அவர்களின் ஆவணங்கள், கோர்ட்டில் சரிபார்ப்பு, அப்புறம் உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர வேண்டும்; மாலை அடைப்பு நேரம் தாண்டினால் மறுநாள்தான்.

தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. அப்படியானால் இப்போது அவர் குற்றவாளி இல்லையே?

இந்தப் பக்கத்திலேயே மிக அதிகமாகக் குழப்பும் கேள்வி இதுதான். அவர் இப்போதும் குற்றவாளிதான். நின்றிருப்பது சிறைவாசம் மட்டும்.

இதைத் தமிழ்நாடு கண்ணெதிரே பார்த்திருக்கிறது. 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் சொத்துக் குவிப்பு வழக்கில் ஜெயலலிதாவுக்கு நான்கு ஆண்டு சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. அக்டோபர் 17-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை நிறுத்தி வைத்தது, அவர் பரப்பன அக்ரஹாரா சிறையிலிருந்து போயஸ் தோட்டத்துக்கு வந்துவிட்டார். வீட்டில்தான் இருந்தார், ஆனால் முதல்வராக முடியவில்லை, எம்.எல்.ஏ.வாகவும் இல்லை. ஸ்ரீரங்கம் தொகுதிக்கு 2015 பிப்ரவரியில் இடைத்தேர்தலே நடந்துவிட்டது. முதல்வர் நாற்காலியில் ஓ. பன்னீர்செல்வம் இருந்தார். காரணம் இதுதான்: தண்டனை நின்றது, குற்றத் தீர்ப்பு நிற்கவில்லை. 2015 மே 11-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் குற்றத் தீர்ப்பையே ரத்து செய்து விடுவித்த பிறகு, மே 23-இல் மறுபடி பதவியேற்றார்.

2001-இலும் இதே முடிச்சுதான். அரசு நிறுவனமான டான்சியின் நிலத்தை வாங்கியது பற்றிய வழக்கில் தண்டனை பெற்று, அது நிறுத்தி வைக்கப்பட்டிருந்த நிலையில் முதல்வராகப் பதவியேற்ற ஜெயலலிதாவின் நியமனம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு செப்டம்பர் 21-இல் சொன்னது. அந்தத் தீர்ப்பை இன்றும் நாடு முழுவதும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

குற்றத் தீர்ப்பையே நிறுத்தி வைக்கவும் மேல்கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் தனியாகக் கேட்க வேண்டும், நிறுத்தாவிட்டால் திருத்தவே முடியாத இழப்பு என்ன என்று காட்ட வேண்டும். அரிதாகத்தான் தருவார்கள். லஞ்ச வழக்கில் தண்டிக்கப்பட்ட அரசு ஊழியர் விஷயத்தில் கை இறுகவே இருக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2001 தீர்ப்பு. தந்த உதாரணங்களும் இருக்கின்றன: ராகுல் காந்திக்கு 2023 ஆகஸ்ட் 4-இல் கிடைத்தது, மூன்றே நாளில் மக்களவைக்குத் திரும்பினார். அமைச்சராக இருந்த க. பொன்முடியின் 2023 டிசம்பர் தீர்ப்பு 2024 மார்ச்சில் நிறுத்தி வைக்கப்பட்டு, அவரும் மீண்டும் பதவியேற்றார். பெரிய இடத்து வழக்குகளில் சில மாதங்களில் கிடைப்பது, தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்தவருக்கு அந்த வேகத்தில் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆயுள் தண்டனை என்றால் பதினாலு வருஷம்தானே?

இல்லை. ஆயுள் என்றால் உயிர் உள்ளவரை. 1961-லேயே கோபால் கோட்சே வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. 14 என்ற எண் வேறு இடத்திலிருந்து வருகிறது. மரண தண்டனையும் விதித்திருக்கக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் பெற்றவரை, குறைந்தது 14 ஆண்டு உள்ளே கழிக்காமல் அரசு முன்கூட்டி விடுவிக்கக்கூடாது என்கிறது பி.என்.எஸ்.எஸ். 475-ஆவது பிரிவு. பழைய சட்டத்தில் அது 433-ஏ. 14 முடிந்தால் மனுவைப் பரிசீலிக்கக் கதவு திறக்கும், அவ்வளவுதான். அரசு மறுக்கலாம். இருபது ஆண்டைத் தாண்டியும் உள்ளே இருப்பவர்கள் இருக்கிறார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 161-ஆவது பிரிவில் ஆளுநரின் பெயரால் மாநில அரசு தண்டனையைக் குறைக்கும்போது இந்த 14 ஆண்டுத் தடை கட்டுப்படுத்தாது. 2008-இல் அண்ணா நூற்றாண்டை ஒட்டி ஏழு ஆண்டு முடித்த ஆயுள் கைதிகளைத் தமிழ்நாடு அரசு கூட்டமாக விடுவித்தது இப்படித்தான். தலைவர் பிறந்த நாள் நெருங்கினாலே சிறையில் ‘இந்த வருஷம் ஜி.ஓ. வருமாம்’ என்ற பேச்சு கிளம்பிவிடும். எந்தெந்தக் குற்றம் விலக்கு என்பது அந்த அரசாணையில்தான் இருக்கும், அதைப் படிக்காமல் நம்பிக்கை வளர்க்க வேண்டாம். சில வழக்குகளில் உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ தூக்குக்குப் பதிலாக ‘25 ஆண்டு எந்தக் குறைப்பும் இல்லாமல்’ என்று எழுதிவிடும். தீர்ப்பின் கடைசிப் பத்தியை முதலில் பாருங்கள்.

‘மூன்று ஆயுள் தண்டனை’ என்று செய்தி வருகிறதே, எப்படி அனுபவிப்பது?

ஒருவருக்கு ஓர் ஆயுள்தானே. தமிழ்நாட்டிலிருந்து போன முத்துராமலிங்கம் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதையே சொன்னது: ஆயுள் தண்டனைகளை ஒன்று முடிந்து இன்னொன்று என்று வரிசையாக அனுபவிக்கச் சொல்ல முடியாது, அவை ஒன்றின் மேல் ஒன்றாகப் படியும். அப்படியானால் எதற்கு மூன்று? ஒன்றில் குறைப்புக் கிடைத்தாலும் மற்ற இரண்டும் நிற்கும். பத்து ஆண்டு, ஏழு ஆண்டு போன்ற கால அளவுள்ள தண்டனைகளுக்குத்தான் ‘ஏக காலத்தில் அனுபவிக்க வேண்டும்’ என்ற வரி முக்கியம். அந்த வரி இல்லாவிட்டால் பொதுவாகக் கூட்டித்தான் கணக்கிடுவார்கள். விசாரணைக் கைதியாக முன்பே கழித்த நாட்களைத் தண்டனையிலிருந்து கழித்துக்கொள்ளலாம். அந்த நாட்கணக்கு வாரண்டில் சரியாக ஏறியிருக்கிறதா என்று வக்கீலிடம் கேட்டுப் பாருங்கள்.

அபராதம் கட்டாவிட்டால்?

கூடுதல் சிறை, அதுவும் தனியாக. மற்ற தண்டனையோடு ஏக காலத்தில் ஓடாது. அதே சொத்துக் குவிப்பு வழக்கில் சசிகலா நான்கு ஆண்டு முடிந்து 2021 ஜனவரியில் வெளியே வந்ததற்குக் காரணம் முன்பே 10 கோடி ரூபாய் அபராதத்தைக் கட்டிவிட்டது. கட்டாமல் இருந்திருந்தால் இன்னும் ஓராண்டு. சாதாரண வழக்கில் ஐயாயிரம், பத்தாயிரம் புரட்ட முடியாமல் கூடுதலாகக் கிடப்பவர்களும் உண்டு. சட்டப் பணிகள் ஆணையத்தில் கேட்டால் வழி பிறக்கலாம்.

தூக்குத் தண்டனை உடனே நிறைவேறுமா?

செஷன்ஸ் கோர்ட் விதித்த மரண தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்தால்தான் அது செல்லும். கைதி அப்பீல் போடாவிட்டாலும் கோப்பு மேலே போயே தீரும். ‘அரிதினும் அரிதான’ வழக்கில்தான் விதிக்க வேண்டும் என்பது 1980-ஆம் ஆண்டின் பச்சன் சிங் தீர்ப்பு. தமிழ்நாட்டில் கடைசியாகத் தூக்கு நிறைவேற்றப்பட்டது 1995 ஏப்ரல் 27-இல் சேலம் மத்திய சிறையில், ஆட்டோ சங்கருக்கு.

முன்கூட்டி விடுதலையானவர் நிரபராதி ஆகிவிட்டாரா?

இல்லை. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளன் 1991-இல் 19 வயதில் கைதானார். தூக்கு விதிக்கப்பட்டு, 2014-இல் அது ஆயுளாகக் குறைந்து, 2022 மே 18-இல் உச்ச நீதிமன்றம் அரசமைப்புச் சட்டத்தின் 142-ஆவது பிரிவின் கீழ் அவரை விடுவித்தது. அந்த உத்தரவு அவர் குற்றம் செய்யவில்லை என்று சொல்லவில்லை. 2018-இல் அமைச்சரவை செய்த பரிந்துரையை ஆளுநர் வருடக்கணக்கில் கிடப்பில் போட்டதைப் பற்றியது. இனி சிறையில் இருக்க வேண்டியதில்லை என்பதுதான் அதன் பொருள். குற்றத் தீர்ப்பு அப்பீலில் உடைந்தால் மட்டுமே ஒருவர் சட்டத்தின் முன் பழைய ஆள் ஆவார். இரண்டையும் நம் தொலைக்காட்சிகள் ‘விடுதலை’ என்றே போடுவதால் வந்த குழப்பம் இது.

அரசு வேலை என்னவாகும்?

48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தாலே தற்காலிகப் பணிநீக்கம். தீர்ப்பு வந்த பிறகு துறை விசாரணைகூடத் தேவையில்லை. குற்றத் தீர்ப்புக்குக் காரணமான நடத்தையை வைத்து நேரடியாக டிஸ்மிஸ் செய்ய அரசமைப்புச் சட்டத்தின் 311(2) பிரிவின் விலக்கு இடம் கொடுக்கிறது. அப்பீல் நிலுவையில் இருக்கிறது, தண்டனை நிறுத்தப்பட்டிருக்கிறது என்று சொன்னால் துறை கேட்காது. அதற்குத்தான் குற்றத் தீர்ப்பை நிறுத்தும் உத்தரவு வேண்டும். ஆனால் ‘தீர்ப்பு வந்ததால் தானாக வேலை போயிற்று’ என்பதும் சரியில்லை. என்ன குற்றம், அதற்கும் பணிக்கும் என்ன தொடர்பு என்று யோசித்து அதிகாரி உத்தரவு போட வேண்டும். சாலை விபத்து வழக்கையும் லஞ்ச வழக்கையும் ஒரே தராசில் வைத்தால் அந்த உத்தரவை எதிர்க்கலாம்.

ஓய்வு பெற்றுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. ‘எதிர்கால நன்னடத்தை’ ஓய்வூதியத்துக்கான நிபந்தனை. கடுங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றால் அதை நிறுத்தவோ குறைக்கவோ விதிகள் உண்டு. தனியார் வேலைக்குப் பொதுத் தடை ஏதும் இல்லை, நிறுவனத்தின் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. கம்பெனி இயக்குநராக இருப்பதற்கு மட்டும் தடை இருக்கிறது: ஆறு மாதமோ அதற்கு மேலோ தண்டனை என்றால் முடிந்து ஐந்து ஆண்டு வரை, ஏழு ஆண்டோ அதற்கு மேலோ என்றால் எப்போதுமே முடியாது. ஒழுக்கக்கேடான குற்றத்தில் தண்டனை பெற்றவர் விடுதலையாகி இரண்டு ஆண்டு ஆகும் வரை வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது.

சந்தேகத்தின் பலனில் விடுதலையானேன். போலீஸ் வேலைக்கு விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பிக்கலாம், ஆனால் சிக்கல் இருக்கிறது. தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகளில் 14(பி)-யின் விளக்கம், சந்தேகத்தின் பலனிலோ புகார்தாரர் பிறழ்சாட்சியானதாலோ விடுதலையானவரையும் ‘குற்ற வழக்கில் தொடர்புடையவர்’ என்றே வைக்கிறது. உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் 2008-இல் இதை ஏற்றது. இது நியாயமா என்று கேட்டால், ஊர்த் திருவிழாத் தகராறில் பதினைந்து பேரோடு பெயர் சேர்க்கப்பட்ட பையனுக்கு இது மிகக் கடுமை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் விதி விதிதான். தீர்ப்பில் ‘குற்றச்சாட்டில் முகாந்திரமே இல்லை’ என்ற வகையில் வரி இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். வழக்கை மறைத்தால் மறைத்ததே தனிக் காரணமாகிவிடும்.

ஓட்டுப் போடலாமா? தேர்தலில் நிற்கலாமா?

சிறைக்குள் இருக்கும் வரை ஓட்டு இல்லை, விசாரணைக் கைதிக்கும் இல்லை. தடுப்புக்காவலில் இருப்பவருக்கு மட்டும் உண்டு; குண்டாஸ் கைதி தபால் ஓட்டுப் போடலாம் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். வெளியே வந்த அன்றே ஓட்டுரிமை திரும்பிவிடும், ஜாமீனில் வந்தாலும் சரி.

நிற்பது வேறு கணக்கு. விசாரணைக் கைதி சிறையில் இருந்தபடியே நிற்கலாம். 2024 மக்களவைத் தேர்தலில் காஷ்மீரில் விசாரணைக் கைதி ஒருவரும், பஞ்சாபில் தடுப்புக்காவலில் இருந்த ஒருவரும் சிறையில் இருந்தபடியே ஜெயித்தார்கள். இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர் தீர்ப்பு நாளிலிருந்து சிறைக்காலம் முழுக்கவும், விடுதலைக்குப் பின் ஆறு ஆண்டும் நிற்க முடியாது. ஊழல் தடுப்புச் சட்டம், போதைப்பொருள் சட்டம் போன்ற சிலவற்றில் இரண்டு ஆண்டு என்ற வரம்புகூட இல்லை, அபராதம் மட்டும் விதித்தாலும் தீர்ப்பு நாளிலிருந்து ஆறு ஆண்டு தடை. பதவியில் இருப்பவருக்கு அப்பீல் போட மூன்று மாத அவகாசம் தந்த விதியை 2013 ஜூலை 10-இல் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அன்றிலிருந்து தீர்ப்பு வந்த அன்றே பதவி போகிறது.

பாஸ்போர்ட்?

விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து ஆண்டுக்குள் ஒழுக்கக்கேடான குற்றத்துக்கு இரண்டு ஆண்டோ மேலோ தண்டனை பெற்றிருந்தால் மறுக்கலாம். வழக்கு நிலுவையில் இருந்தாலே கோர்ட் அனுமதி வேண்டும். விசா அந்தந்த நாட்டின் விருப்பம்.

சொத்து, திருமணம்?

தண்டனை பெற்றதால் வீடு, நிலம் அரசுக்குப் போய்விடாது. குற்றத்தில் சம்பாதித்தது என்று பறிமுதல் செய்யும் சட்டங்கள் தனி. கொலை செய்தவர் கொலையுண்டவரின் சொத்துக்கு வாரிசாக முடியாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு. தந்தையைக் கொன்ற மகன் வழக்கு மாதிரி எதிலாவது சொத்துத் தகராறு வந்தால் முதலில் எடுக்கும் ஆயுதம் இதுதான்.

ஏழு ஆண்டோ அதற்கு மேலோ சிறை என்றால் சிறப்புத் திருமணச் சட்டத்திலும், கணவர் தண்டனை பெற்றால் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டத்திலும் விவாகரத்துக் கேட்கலாம். இந்துத் திருமணச் சட்டத்தில் சிறைவாசம் தனிக் காரணமாக இல்லை. கொடுமை போன்ற வேறு காரணத்தின் வழியாகத்தான் போக வேண்டும்.

முதல் தடவைதானே என்று விட்டுவிட வழி உண்டா?

1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் இருக்கிறது. சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பிணையில் விடலாம். மரணமோ ஆயுளோ விதிக்கக்கூடிய குற்றத்துக்குக் கிடையாது. 21 வயதுக்குக் கீழ் என்றால் சிறைக்கு அனுப்பாமலிருப்பதே விதி, அனுப்பினால் காரணம் எழுத வேண்டும். இப்படி விடப்பட்டவரைக் குற்றத் தீர்ப்பின் தகுதியிழப்புகள் தொடாது என்கிறது 12-ஆவது பிரிவு. நல்ல பிரிவு, கேட்கத்தான் பல வக்கீல்கள் மறந்துவிடுகிறார்கள்.

பழைய தண்டனையைப் பதிவிலிருந்து அழிக்க முடியுமா?

பெரியவர்களுக்கு அப்படி ஒரு பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. இருபது ஆண்டு கழித்தும் போலீஸ் சரிபார்ப்பில் வரும். 18 வயதுக்குக் கீழ் குற்றம் செய்தவருக்கு மட்டும் தகுதியிழப்பு ஒட்டாது, பதிவையும் அழிக்க வேண்டும். 16 வயதைத் தாண்டி, கொடுங்குற்றத்தில் பெரியவராக வைத்து விசாரிக்கப்பட்டவர் இதில் சேரமாட்டார்.

பத்து வருஷம் கழித்து அப்பீலில் விடுதலை. நஷ்டஈடு?

தவறாகத் தண்டிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு தரும் தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. 2018-இல் சட்ட ஆணையம் தன் 277-ஆவது அறிக்கையில் இதற்குப் பரிந்துரை செய்தது, சட்டமாகவில்லை. உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டு வாங்கியவர்கள் சிலர் உண்டு. இது பெரிய ஓட்டை. வேலை இழந்தவர் மறுபடி பணியில் சேரக் கேட்கலாம், பதவியிழந்த எம்.எல்.ஏ. தொகுதியில் அதற்குள் இடைத்தேர்தல் முடிந்துவிட்டிருந்தால் அந்த இடம் திரும்பாது.

அப்பீல் நிலுவையில் இருக்கும்போது இறந்துவிட்டால்?

தண்டிக்கப்பட்டவரின் அப்பீல் அவரோடு முடிந்துவிடும். ஆனால் பெற்றோர், மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் 30 நாளுக்குள் அனுமதி கேட்டுத் தொடரலாம். பெயரைத் துடைக்க மட்டும் இல்லை, பணப்பலன்கள் வாங்கவும் சில குடும்பங்களுக்கு இது தேவைப்படும். விடுதலையை எதிர்த்து அரசு போட்ட அப்பீல் என்றால் முழுமையாக முடிந்துவிடும். சொத்துக் குவிப்பு வழக்கில் 2017 பிப்ரவரி 14-இல் ஜெயலலிதாவைப் பொறுத்தவரை அரசின் அப்பீல் அப்படித்தான் அற்றுப்போனது. மற்ற மூவர்மேல் தண்டனை மீண்டும் வந்தது.

அப்பா ஆயுள் கைதி. எனக்கு அரசு வேலை கிடைக்குமா?

கிடைக்கும். அப்பாவின் குற்றத் தீர்ப்பு உங்கள் தகுதியைத் தொடாது. படிவம் உங்களைப் பற்றித்தான் கேட்கிறது. சரிபார்ப்புக்கு வரும் போலீஸ்காரர் வீட்டைப் பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். அதை மட்டும் காரணம் காட்டி நியமனத்தை நிறுத்தினால், காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்.